பள்ளிப் பஸ்ஸைக் காண்ட்ராக்டுக்கு விடலாம், வண்டியை விற்கலாமா?

அமெரிக்காவில் பிள்ளைகளைப் பொதுப் பள்ளிக்கு அனுப்பும் ஒரு பெற்றோர் கேட்டிருக்கும் கேள்வி இது: “எங்கள் பள்ளி மாவட்டம் (எங்கள் பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகம்) இத்தனை வருடம் தானே ஓட்டிவந்த மஞ்சள் பஸ்களைத் தனியார் கம்பெனியிடம் ஒப்படைக்கப் போகிறது. செலவு குறையும் என்கிறார்கள். உண்மையிலேயே குறையுமா? அடுத்த மாதக் கூட்டத்தில் நாங்கள் எதைக் கேட்பது?”

குறையலாம். முதல் இரண்டு மூன்று வருடங்களுக்குப் பெரும்பாலும் குறையவே செய்யும். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பது, பஸ்களையும் அவை நிற்கும் யார்டையும் மாவட்டம் தன் கையில் வைத்துக்கொள்கிறதா, சேர்த்து விற்றுவிடுகிறதா என்பதைப் பொறுத்தது. பதினோரு வருடம் ஒரு பள்ளி மாவட்டத்தின் போக்குவரத்துப் பிரிவில் ரூட் போட்டவன் நான். காண்ட்ராக்ட் வருவதற்கு முன்பும் அங்கே இருந்தேன், வந்த பின்பும் இருந்தேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நம் ஊரில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இலவசப் பஸ் பாஸோடு அரசுப் பேருந்தில் போய்விடுவார்கள். இங்கே அப்படி நடக்காததற்கு ஒரு சட்டக் காரணம் இருக்கிறது. மத்திய அரசின் நிதியை வாங்கும் நகரப் பேருந்து அமைப்புகள், மாணவர்களுக்கென்று தனி வண்டி விட்டுத் தனியார் பள்ளிப் பஸ்காரர்களோடு போட்டி போடக் கூடாது என்பது விதி. பொதுமக்கள் ஏறும் தடத்தில் பிள்ளைகளும் ஏறிக்கொள்ளலாம், அவ்வளவுதான். நகரத்தைத் தாண்டினால் அந்தத் தடங்களே கிடையாது. ஆகவேதான் நாடு முழுக்க ஏறக்குறைய 5 லட்சம் மஞ்சள் பஸ்கள் ஓடுகின்றன. அவற்றில் சுமார் மூன்றில் ஒரு பங்கு காண்ட்ராக்ட் கம்பெனிகள் ஓட்டுபவை. மற்றவற்றைப் பள்ளி மாவட்டங்களே ஓட்டுகின்றன.

பஸ் விடுவது எல்லாப் பிள்ளைக்கும் அரசியல் சாசனம் தந்த உரிமை இல்லை. வட டகோடாவில் பஸ் கட்டணம் கட்ட மறுத்த ஒரு குடும்பத்தின் வழக்கில், 1988-ல் உச்ச நீதிமன்றம் கட்டணம் வாங்கலாம் என்றே தீர்ப்புச் சொன்னது. ஆனால் சிறப்புக் கல்வித் திட்டத்தில் போக்குவரத்தும் எழுதப்பட்டிருக்கும் மாற்றுத்திறனாளிப் பிள்ளையை மாவட்டம் அழைத்துவந்தே ஆக வேண்டும். வீடிழந்து விடுதியிலோ உறவினர் வீட்டிலோ தங்கியிருக்கும் பிள்ளையும் கேட்டால் பழைய பள்ளிக்கே போய்வர வண்டி ஏற்பாடு செய்ய வேண்டும். இரண்டும் மத்தியச் சட்டங்கள். பஸ்ஸை யாரிடம் ஒப்படைத்தாலும் இந்தப் பொறுப்பு கம்பெனிக்கு மாறாது. ஒரு நாள் வண்டி வரவில்லை என்றால் பதில் சொல்ல வேண்டியது மாவட்டம்தான்.

இப்போது பணத்துக்கு வருவோம். பஸ் ஓட்டும் செலவில் என்னென்ன இருக்கின்றன? வண்டி, டீசல், டயர், ரிப்பேர், இன்சூரன்ஸ், டிரைவர். வண்டியின் விலை எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆயிரக்கணக்கில் வாங்கும் கம்பெனிக்குக் கொஞ்சம் தள்ளுபடி கிடைக்கும், உதிரிபாகத்திலும் கிடைக்கும். டீசல் விலை ஏறினால் ஈடுகட்டும் ஷரத்து பல காண்ட்ராக்டுகளில் உண்டு, அதனால் அந்தப் பாரம் மாவட்டத்தின் தலையில்தான் வந்து விழும். இதற்கெல்லாம் மேலே கம்பெனிக்கு லாபமும் வேண்டும். பிறகு மிச்சம் எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி டிரைவரிடமிருந்து. அவருடைய மணிக் கூலியைவிட, அவருடைய மருத்துவக் காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் இருந்து.

பள்ளிப் பஸ் டிரைவரின் நாள் எப்படி இருக்கும் என்று வெளியே பலருக்குத் தெரியாது. விடிகாலை ஐந்தேகால். யார்டில் இன்னும் இருட்டு. குளிர்காலமாக இருந்தால் கண்ணாடியில் பனி உறைந்திருக்கும். டிரைவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வருவார். டயரைப் பார்ப்பார், விளக்கு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார், பக்கவாட்டில் நீளும் ‘ஸ்டாப்’ பலகையைத் திறந்து மூடுவார், பின்கதவைத் திறந்து அபாய ஒலி அடிக்கிறதா என்று கேட்பார். படிவத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கிளம்புவார். முதல் ட்ரிப் உயர்நிலைப் பள்ளி, அடுத்தது நடுநிலை, கடைசியில் தொடக்கப் பள்ளி. ஒரே பஸ் மூன்று ட்ரிப் அடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் பள்ளிகளின் மணி நேரம் தள்ளித் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. ஒன்பதே காலுக்குக் காலை வேலை முடியும். கடைசி இருக்கை வரை நடந்து போய், தூங்கிப்போன பிள்ளை யாராவது இருக்கிறதா என்று பார்த்து, பின்னால் உள்ள பட்டனை அழுத்தினால்தான் அலாரம் அடங்கும். அப்புறம் மதியம் ஒன்றரை வரை சம்பளம் இல்லாத இடைவெளி. திரும்ப வந்து ஐந்து மணி வரை ஓட்டுவார். கோடையில் வேலையே இல்லை.

பன்னிரண்டு மணி நேரத்தை வேலைக்குள் கட்டிப்போட்டு ஏழரை மணி நேரத்துக்குக் கூலி தரும் இந்த வேலைக்கு ஒருவர் ஏன் இருபது வருடம் வருகிறார்? எங்கள் யார்டில் நான் கேட்ட எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு, அப்புறம் பென்ஷன். சொந்தமாகச் சின்னக் கடை நடத்துகிறவர், மனைவிக்குச் சர்க்கரை நோய் உள்ளவர், ஓய்வு பெற்ற தபால்காரர் என்று எல்லோருக்கும் அதுதான் காரணம். காண்ட்ராக்டில் வெட்டப்படுவதும் அதேதான். இருபது வருட டிரைவர் போய்விட்டால் அந்த இடத்துக்கு ஆள் எடுப்பது சுலபமில்லை. கனரக வாகன உரிமத்தோடு, பயணிகளுக்கு ஒரு கூடுதல் அனுமதி, பள்ளிப் பஸ்ஸுக்கு இன்னொன்று, பின்னணிச் சோதனை, போதைப்பொருள் சோதனை எல்லாம் வேண்டும். உரிமம் கைக்கு வந்ததும் மணிக்குப் பத்து டாலர் அதிகம் தரும் லாரிக் கம்பெனிக்குப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 2021 செப்டம்பரில் மாசசூசெட்ஸில் ஆள் பற்றாக்குறை எவ்வளவு முற்றியது என்றால், ஆளுநர் சார்லி பேக்கர் பிள்ளைகளை வேனில் ஏற்றிச்செல்ல 250 பேர் வரை தேசியக் காவல் படையினரை அனுமதித்தார். இந்தப் பஞ்சம் மாவட்டமே ஓட்டும் இடங்களிலும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கம்பெனி வந்தால் எங்கிருந்தோ டிரைவர்களைக் கொண்டுவந்துவிடும் என்று நம்ப வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். அவர்களும் உங்கள் ஊர் ஆட்களைத்தான் எடுக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் நியூயார்க் நகரத்தின் கதையை விரிவாகப் பார்ப்பது நல்லது. அங்கே பல காலமாகவே பஸ் தனியார் கையில். 1979-ல் மூன்று மாதம் நீண்ட ஒரு வேலைநிறுத்தத்துக்குப் பிறகு ஒரு பாதுகாப்பு ஏற்பாடு வந்தது. ஒரு கம்பெனி ரூட்டை இழந்தால், அடுத்து அந்த ரூட்டை எடுக்கும் கம்பெனி பழைய டிரைவர்களைப் பணிமூப்பு வரிசையில் அதே சம்பளத்தோடும் பென்ஷனோடும் எடுத்துக்கொள்ள வேண்டும். டெண்டர் மாறினாலும் பிள்ளைகளுக்குத் தெரிந்த முகம் மாறாது. மாநில உயர் நீதிமன்றம் 2011-ல் ஒரு வழக்கில், இந்த நிபந்தனை போட்டி டெண்டர் சட்டத்துக்கு ஒவ்வாது என்றது. அதைக் காட்டி மேயர் புளூம்பெர்க் நிர்வாகம் நிபந்தனை இல்லாமலே புது டெண்டர் விட்டது. 2013 ஜனவரி 16-ல் வேலைநிறுத்தம் தொடங்கி ஒரு மாதம் நடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பஸ் இல்லை. சக்கர நாற்காலியில் போகும் பிள்ளைகளின் தாய்மார்கள் பாதி நாள் வேலையை விட்டுவிட்டு டாக்ஸி பிடித்தார்கள். தொழிற்சங்கம் ஒன்றும் பெறாமல்தான் வேலைக்குத் திரும்பியது. அந்த வருடக் கடைசியில் நகரின் பெரிய பஸ் கம்பெனிகளில் ஒன்றான அட்லாண்டிக் எக்ஸ்பிரஸ் திவாலாகி மூடிவிட்டது. சில வருடங்கள் கழித்து, 2021 வாக்கில், நகர நிர்வாகமே ரிலையன்ட் என்ற கம்பெனியை வாங்கி, அதை நடத்த லாப நோக்கில்லாத ஓர் அமைப்பை உருவாக்கியது. முழுக்கத் தனியாரை நம்பியிருந்த ஊர், கையில் கொஞ்சமாவது சொந்த வண்டி வேண்டும் என்று காசு கொடுத்து வாங்க வேண்டிவந்தது. வண்டியை விற்க நினைக்கும் எந்த மாவட்டமும் இதைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

என் சொந்த அனுபவமும் இதே திசையில்தான். ஊர் பெயர் வேண்டாம். எங்கள் மாவட்டம் பழைய பஸ்களை எல்லாம் கம்பெனிக்கே விற்றது. அந்தத் தொகையில் ஒரு வருட பட்ஜெட் ஓட்டை அடைபட்டது. யார்டையும் குத்தகைக்குக் கொடுத்துவிட்டார்கள், மெக்கானிக்குகள் நால்வரும் போய்விட்டார்கள். முதல் டெண்டருக்கு மூன்று பேர் வந்தார்கள். ஐந்து வருடம் கழித்து இரண்டாம் டெண்டருக்கு ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனி மட்டும்தான் வந்தது. காரணம் எளிது: ஊருக்குள் பஸ் நிறுத்த வேறு இடம் இல்லை, யார்டு அவர்கள் கையில். வெளிக் கம்பெனி வந்தால் வண்டியையும் கொண்டுவர வேண்டும், நிலமும் தேட வேண்டும், மூன்று மாதத்தில் டிரைவர்களும் வேண்டும். அன்று அந்த ஒற்றை உறையைப் பிரித்தபோது அலுவலகத்தில் யாரும் பேசவில்லை. பேரம் பேச எங்களிடம் எதுவும் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். காண்ட்ராக்ட் பெரும்பாலும் ஒரு பஸ்ஸுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்ற விலையில் இருக்கும். உதாரணத்துக்கு 60 பஸ், நாளைக்கு 400 டாலர், 180 பள்ளி நாள் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 43 லட்சத்து 20 ஆயிரம் டாலர். ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறும் என்று ஷரத்து இருந்தால் ஐந்தாம் வருடம் அது ஏறக்குறைய 50 லட்சத்து 50 ஆயிரம் ஆகிவிடும். இது பிடிக்காமல் மாவட்டம் திரும்பத் தானே ஓட்ட நினைத்தால், ஒரு டீசல் பஸ் ஒன்றரை லட்சம் டாலர் என்று வைத்தாலும் 60 பஸ்ஸுக்கு 90 லட்சம் ஒரே நேரத்தில் வேண்டும். விற்காமல் இருந்திருந்தால்? 12 வருடத்துக்கு ஒரு முறை மாற்றும் முறையில் வருடம் 5 பஸ், ஏழரை லட்சம். ஏழரை லட்சத்தை எந்த ஊரும் எப்படியாவது புரட்டிவிடும். 90 லட்சத்துக்கு ஒப்புதல் கேட்டு வாக்காளர்களிடம் போய் நிற்க வேண்டும். கம்பெனிக்கும் இது நன்றாகத் தெரியும்.

“400 டாலர்” என்பதன் கீழே என்ன எழுதியிருக்கிறது என்பதும் முக்கியம். நான்கு மணி நேரத்துக்கா, ஐந்துக்கா? நேரம் எப்போதிலிருந்து ஓடும், பஸ் யார்டை விட்டுக் கிளம்பும்போதா, முதல் பிள்ளை ஏறும்போதா? பிள்ளை இல்லாமல் காலியாக ஓடும் தூரம் யார் கணக்கில்? விளையாட்டுப் போட்டிக்கும் சுற்றுலாவுக்கும் தனி விலையா? பனி விடுமுறை நாளுக்குப் பணம் உண்டா? இந்தக் கடைசிக் கேள்வி 2020-ல் பெரிய தலைவலியானது. மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடின, பஸ் ஒன்றும் ஓடவில்லை. ஆனாலும் கம்பெனிகள் பணம் கேட்டன. டிரைவர்களை வேலையில் வைத்திருக்க வேண்டுமே என்ற அவர்கள் வாதத்திலும் நியாயம் இருந்தது. நிவாரணச் சட்டத்திலேயே, உதவிநிதி பெறும் மாவட்டங்கள் முடிந்தவரை ஊழியருக்கும் காண்ட்ராக்டருக்கும் பணம் தொடர்ந்து தர வேண்டும் என்று ஒரு வரி வந்தது. காண்ட்ராக்டில் தெளிவாக எழுதியிருந்த மாவட்டங்கள் அமைதியாகப் பேசி முடித்தன. எழுதாதவை மாதக்கணக்கில் வக்கீல் வைத்துப் பேசின.

பாதுகாப்பு என்று வந்தால், தனியார் என்றால் ஆபத்து, அரசு என்றால் பத்திரம் என்று நான் சொல்ல மாட்டேன். மஞ்சள் பஸ் யார் ஓட்டினாலும் பெற்றோர் காரைவிடப் பத்திரமான வண்டி. ஆனால் நடுவில் ஒரு கம்பெனி வரும்போது புகார் எங்கே போய் நிற்கிறது என்பது பெரிய கேள்வி. 2016 நவம்பர் 21 அன்று டென்னசியின் சாட்டனூகாவில் உட்மோர் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 37 பேரோடு போன பஸ், வேகத்தில் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதியது. ஆறு பிள்ளைகள் இறந்தார்கள். ஓட்டியவருக்கு 24 வயது, டர்ஹாம் என்ற காண்ட்ராக்ட் கம்பெனியின் ஊழியர். அவர் வண்டி ஓட்டும் விதம் பற்றி முன்பே புகார்கள் வந்திருந்தன. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2018-ல் தந்த அறிக்கை, அனுபவமில்லாத டிரைவரைக் கம்பெனி சரியாகக் கண்காணிக்கவில்லை என்றது. அதோடு நிற்காமல், தெரிந்த பிரச்சினையைப் பள்ளித் துறை தொடர்ந்து கவனிக்கவில்லை என்றும் சொன்னது. பிள்ளையின் அம்மா பள்ளியில் சொல்கிறார், பள்ளி போக்குவரத்துப் பிரிவுக்கு எழுதுகிறது, அங்கிருந்து கம்பெனி மேலாளருக்குப் போகிறது, அவரோ ஆள் பற்றாக்குறையில் இருக்கிறார். அந்தச் சங்கிலியில் “நாளை முதல் இவர் ஓட்டக் கூடாது” என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? விபத்துக்குப் பிறகு டென்னசி பள்ளிப் பஸ் டிரைவருக்குக் குறைந்த வயது 25 என்று சட்டம் கொண்டுவந்தது, ஒவ்வொரு மாவட்டத்திலும் போக்குவரத்துக்கென ஒரு மேற்பார்வையாளர் கட்டாயம் என்றும் சொன்னது. நீங்கள் படிக்கும் காண்ட்ராக்டில், காரணம் கேட்காமல் ஒரு டிரைவரை மாவட்டம் உடனே விலக்கலாம் என்ற வரி இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

வண்டியை மட்டுமல்ல, மூளையையும் வெளியே கொடுப்பது உண்டு. கென்டக்கியின் லூயிவில் நகரில் ஜெஃபர்சன் கவுண்டி பள்ளிகள் டிரைவர்களைத் தாங்களே வைத்திருக்கின்றன. டிரைவர் பற்றாக்குறையைச் சமாளிக்க ரூட் போடும் வேலையை மட்டும் பாஸ்டனின் ஆல்ஃபாரூட் என்ற கம்பெனியின் மென்பொருளிடம் கொடுத்தார்கள். 730 அளவில் இருந்த ரூட்டுகள் 600 ஆயின. 2023 ஆகஸ்ட் 9, பள்ளி திறந்த முதல் நாள், கடைசிப் பிள்ளை வீடு சேர்ந்தபோது இரவு பத்து மணி ஆகப்போகிறது. அடுத்த ஒரு வாரத்துக்கும் மேல் பள்ளிகளை மூடிவைத்தார்கள். ரூட் போட்டவனாகச் சொல்கிறேன்: வரைபடத்தில் நான்கு நிமிடம் என்று வரும் தூரத்தில், முதல் வகுப்புப் பிள்ளை ஐந்து பேர் பை தூக்கி ஏறும் நேரம் வராது. ரயில்வே கேட் வராது. முந்தின பள்ளியில் மணி அடித்து ஆறு நிமிடம் கழித்தே பிள்ளைகள் வெளியே வருவார்கள் என்பதும் வராது. அதெல்லாம் அந்த ரூட்டை ஓட்டும் டிரைவரின் தலையில் இருக்கிறது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் அவரை ஒரு முறை வெறும் வண்டியோடு ஓட்டிப் பார்க்கச் சொன்னால் பாதிப் பிழை அன்றே தெரிந்துவிடும்.

சரி, காண்ட்ராக்டே கூடாதா? அப்படி இல்லை. எட்டே பஸ் வைத்திருக்கும் ஒரு கிராமத்து மாவட்டத்தில் ஒரே மெக்கானிக் ஓய்வு பெற்றுவிட்டால், பக்கத்து ஊர்க் கம்பெனியிடம் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம். பென்சில்வேனியாவில் பெரும்பாலான மாவட்டங்கள் நீண்ட காலமாகக் காண்ட்ராக்டில்தான் ஓட்டுகின்றன. பல இடங்களில் அது இரண்டு மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்தும் தொழில், அவர்கள் பிள்ளைகளும் அதே பஸ்ஸில் போகிறவர்கள். அப்படிப்பட்டவர்கள் உங்கள் ஊரில் இருந்தால் என் கவலை பாதியாகக் குறையும். ஆனால் பெரிய கம்பெனிகளின் நிலை வேறு. நாட்டின் மிகப் பெரிய பள்ளிப் பஸ் கம்பெனியான ஃபர்ஸ்ட் ஸ்டூடண்ட் 2021 வரை பிரிட்டிஷ் நிறுவனமான ஃபர்ஸ்ட்குரூப்பிடம் இருந்தது, பிறகு ஈகியூடி என்ற சுவீடன் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. டர்ஹாமும் பிரிட்டிஷ் உரிமையாளரிடம் இருந்து 2025-ல் ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாறியது. கம்பெனி கைமாறினால் காண்ட்ராக்ட் தானாகத் தொடருமா, மாவட்டத்தின் சம்மதம் வேண்டுமா என்பதையும் எழுத வைக்க வேண்டும்.

எனக்குச் சரியென்று படுவது நடுவழி. பாஸ்டனில் பஸ்கள் பள்ளி மாவட்டத்துக்கே சொந்தம், டிரான்ஸ்டெவ் என்ற கம்பெனி ஆள் வைத்து ஓட்டிக்கொடுக்கிறது. அங்கேயும் 2013 அக்டோபரில் திடீர் வேலைநிறுத்தம் வந்தது, சண்டை சச்சரவு இல்லாத ஏற்பாடு என்று சொல்ல முடியாது. ஆனால் கம்பெனியை மாற்ற நினைத்தால் வண்டி எங்கே என்ற கேள்வி எழாது. தென் கரோலினாவில் பஸ்களை மாநில அரசே வாங்கிப் பராமரிக்கிறது. அதனால் அங்கே ஒரு மாவட்டம் டிரைவர் வேலையைத் தனியாரிடம் கொடுத்தாலும் வண்டிகள் பொதுச் சொத்தாகவே இருக்கின்றன. உங்கள் மாவட்டமும் ஓட்டும் வேலையை மட்டும் கொடுக்கட்டும். பஸ், யார்டு, ரூட் போடும் ஆள், புகார் வாங்கும் தொலைபேசி நான்கும் உள்ளேயே இருக்கட்டும். சேமிப்பு கொஞ்சம் குறையும். ஐந்தாம் வருடம் டெண்டருக்கு மூன்று பேர் வருவார்கள்.

கூட்டத்தில் பேசப் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம்தான் தருவார்கள். தனியார்மயம் சரியா தவறா என்று தொடங்கினால் அதிலேயே நேரம் போய்விடும். அதற்குப் பதில், சேமிப்பு எவ்வளவு என்று அவர்கள் காட்டும் தாளில், வண்டி விற்ற பணம் ஒரு முறை வரவாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அதை எடுத்துவிட்டு ஐந்து வருடக் கணக்கைத் திரும்பப் போடச் சொல்லுங்கள். காண்ட்ராக்டைக் கண்காணிக்கப் போகும் மாவட்ட ஊழியரின் சம்பளம் அதில் இருக்கிறதா என்றும் கேளுங்கள், பல கணக்கில் அது இருப்பதில்லை. இப்போதுள்ள டிரைவர்களில் எத்தனை பேர் புதுக் கம்பெனியில் சேர எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது அடுத்த கேள்வி. முடிந்தால் கூட்டத்துக்கு முந்தின வாரம் ஒரு நாள், மாலையில் பிள்ளையை இறக்கிவிடும் டிரைவரிடம் நின்று பேசிவிட்டுப் போங்கள். மழலையர் வகுப்புப் பிள்ளையைக் கூட்டிப்போக வாசலில் ஆள் இல்லை என்றால் இறக்காமல் திரும்பக் கொண்டுபோகிறவர் அவர்தான். செப்டம்பரிலும் தானே வருவாரா என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.